84-ஆம் வருடத்தில் முதல் லீக் பட்டம்: ஹிரோஷிமா தண்டர்ஸ் என்ற கம்பெனி அணியின் கதை

நெட்டுயரம் (இழையைத் தொடங்கியவர்)

இஷிகாவா யூகி, தகாஹாஷி ரான், நிஷிதா யூஜி. ஜப்பான் ஆண்கள் வாலிபால் பற்றிப் பேச்சு எடுத்தால் இந்த மூன்று பெயரோடு நின்றுவிடுகிறது. இவர்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த ஆட்டத்துக்குச் சோறு போட்டு வளர்த்தவை கம்பெனிகள்தான். இரும்பாலை, மின்சாதனக் கம்பெனி, துணி ஆலை, விஸ்கி கம்பெனி, சிகரெட் கம்பெனி என்று பெரிய வரிசை. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் அணியைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால் நானே தொடங்குகிறேன்.

அணியின் பெயர் ஹிரோஷிமா தண்டர்ஸ். 2024 வரை ஜே.டி. தண்டர்ஸ். ஜே.டி. என்றால் ஜப்பான் டொபாக்கோ.

இந்த அணி தொடங்கியது 1931-இல். அப்போது ஜே.டி. என்று ஒரு கம்பெனியே கிடையாது. ஜப்பானில் புகையிலை வியாபாரம் 1904 முதல் அரசின் கையில் மட்டும் இருந்தது. அடுத்த வருடம் உப்பும் சேர்ந்துகொண்டது. இதை நடத்திய ஏகபோகத் துறை நிதி அமைச்சகத்தின் கீழ் இருந்தது. அந்தத் துறையின் ஹிரோஷிமா கிளை ஊழியர்கள் சேர்ந்து ஆடிய அணிதான் இன்றைய தண்டர்ஸ். அன்றைக்கு அங்கே ஆடியது ஒன்பது பேர் வாலிபால். ஆட்டக்காரர்கள் சுழற்சியாக இடம் மாற வேண்டியதில்லை. முன்னால் நிற்பவர் முன்னால்தான், பின்னால் நிற்பவர் பின்னால்தான். வேலை செய்யும் இடங்களில் ஆள் சேர்த்து ஆட அது வாகான ஆட்டம். ஜப்பான் ஆறு பேர் ஆட்டத்துக்கு வந்தது 1950-களில்.

நடுவில் 1945 ஆகஸ்ட் 6 வந்தது. ஏகபோகத் துறையின் அலுவலகம் மியுகிப் பாலத்துக்குப் பக்கத்தில், குண்டு வெடித்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் சொச்சத்தில்தான் இருந்தது. அந்த நகரத்தில், போருக்கு முன்னால் தொடங்கிய ஓர் அணி இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது.

1949-இல் அந்தத் துறை பொதுத்துறைக் கழகம் ஆனது. 'சென்பாய் ஹிரோஷிமா' (சென்பாய் என்றால் ஏகபோகம்) என்ற பெயரில் அணி பிரபலமானது அந்தக் கழகத்தின் காலத்தில்தான். 1967-இல் ஜப்பான் லீக் முதன்முதலாக நடந்தபோது இந்த அணியும் அதில் ஆடியது. அன்று முதல் ஒருமுறைகூட இரண்டாம் பிரிவுக்கு இறங்காத அணி ஆண்கள் வாலிபாலில் இது ஒன்றுதான். லீக் பட்டம் மட்டும் கைக்கு வரவே இல்லை. 2014-15 சீசனில்தான் முதல்முறையாக வென்றார்கள். அணி தொடங்கி 84 வருடம், லீக் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு.

கோப்பைகளை எண்ணினால் சன்டோரி, பானசோனிக், நிப்பான் ஸ்டீல் எல்லாம் இவர்களைவிடப் பல மடங்கு மேலே. ஆனாலும் ஒரு கம்பெனி அணி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் ஹிரோஷிமாவைத்தான் காட்டுவேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசலாம்.

---

சர்வீஸ்லைன்

நல்ல தொடக்கம். ஆனால் முடிவுரையோடு எனக்கு உடன்பாடில்லை.

அரை நூற்றாண்டு பட்டம் வெல்லாததை நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள். விளையாட்டில் அணி இருப்பதே வெல்வதற்குத்தான். 1941-இல் யவாதா இரும்பாலையில் தொடங்கிய அணியைப் பாருங்கள். பிறகு அது நிப்பான் ஸ்டீல் ஆனது, சகாய் நகருக்கு இடம் மாறியது, இப்போது சகாய் பிளேசர்ஸ். ஜப்பான் லீக், அதற்குப் பின்வந்த வி லீக் இரண்டிலும் பட்டத்தின் மேல் பட்டம். நகாகாய்ச்சி யூய்ச்சி அங்கிருந்து வந்தவர்தான். 92 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஜப்பானின் முக்கிய ஸ்பைக்கர், பின்னாளில் தேசிய அணியின் பயிற்சியாளர். கம்பெனி அணிக்கு உதாரணம் என்றால் அதுதான்.

ஹிரோஷிமா கீழே இறங்காமல் இருந்ததற்குக் காரணம் எளிது. பின்னால் இருந்தது அரசின் ஏகபோகம். போட்டியாளரே இல்லாத வியாபாரம். பணம் வற்றாது, அணியும் மூடாது. இதில் மெச்ச என்ன இருக்கிறது?

---

யாழ்_கரப்பந்து

வணக்கம். கரப்பந்தாட்டம் எங்களுடைய தேசிய விளையாட்டு என்பதால் இப்படியான இழை கண்டால் விட்டுப்போக மனம் வருவதில்லை.

யப்பான் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் செற்றர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) நெகோடா இந்த ஹிரோஷிமா அணிதானே? அவரைப் பற்றி எழுதாமல் இந்தக் கதை முழுமையாகாது. கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் அண்ணை.

---

நெட்டுயரம்

சரியாகப் பிடித்தீர்கள். அவருக்குத் தனிப் பதிவே வேண்டும் என்று வைத்திருந்தேன்.

நெகோடா கட்சுதோஷி. 1944-இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். படித்தது அதே ஊரில் சோதோகு உயர்நிலைப் பள்ளி. வேலைக்குச் சேர்ந்தது அதே ஊர் புகையிலைக் கழகம். கடைசிவரை வேறு அணிக்குப் போகவில்லை. உயரம் 180 சென்டிமீட்டருக்கும் கீழே.

நான்கு ஒலிம்பிக் ஆடினார். 1964 டோக்கியோவில் வெண்கலம், 68 மெக்சிகோவில் வெள்ளி, 72 மியூனிக்கில் தங்கம், 76 மாண்ட்ரியலில் நான்காம் இடம். மாண்ட்ரியல் தொடக்க விழாவில் ஜப்பான் கொடியை ஏந்திப் போனவரும் அவர்தான்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெண்கலம் வாங்கியதை அந்த நாட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே போட்டியில் பெண்கள் தங்கம் வென்றுவிட்டார்கள். அந்தப் பெண்கள் அணியும் கம்பெனி அணிதான். நிச்சிபோ என்ற ஜவுளி நிறுவனத்தின் கைசுகா ஆலை அணியிலிருந்து வந்தவர்கள்தான் பெரும்பாலோர். அதற்குப் பிறகு ஆண்கள் அணியின் பொறுப்பை மட்சுதைரா யசுதாகா ஏற்றார். அவர் எட்டு வருடத் திட்டம் போட்டு, ஜப்பானில் உயரமான ஆட்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். மோரிதா, யோகோதா, ஓகோ மூவரும் 190-க்கு மேல். அந்த மூன்று பேருக்கும் பந்தை எப்போது, எவ்வளவு உயரத்தில், எங்கே தூக்கிக் கொடுப்பது என்பது நெகோடாவின் கையில் இருந்தது.

அந்த அணி எப்படிச் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மோரிதா நிப்பான் கோகான் இரும்புக் கம்பெனி. யோகோதா மட்சுஷிதா, அதாவது இன்றைய பானசோனிக். மினாமி அசாஹி கசெய். நகாமுரா நிப்பான் ஸ்டீல். லீக்கில் ஒருவரை ஒருவர் வீழ்த்தப் பார்க்கிறவர்கள், தேசிய அணி முகாமில் ஒரே செட்டரின் பந்துக்காக ஓடி வருகிறார்கள். கம்பெனிகள் சம்பளத்தோடு இவர்களை மாதக்கணக்கில் முகாமுக்கு அனுப்பின. கம்பெனி அணி என்ற ஏற்பாடு இல்லாவிட்டால் அந்த எட்டு வருடத் திட்டம் காகிதத்தோடு போயிருக்கும்.

1971-இல் நெகோடாவின் கை முறிந்தது. ஒலிம்பிக்குக்கு ஒரு வருடம்கூட இல்லை. தேறி வந்து மியூனிக்கில் ஆடினார். அரையிறுதியில் பல்கேரியாவிடம் முதல் இரண்டு செட் போய்விட்டது. மட்சுதைரா முப்பதைத் தொட்ட மூத்தவர்களான மினாமியையும் நகாமுராவையும் இறக்கினார். அடுத்த மூன்று செட்டும் ஜப்பானுக்கு. இறுதியில் கிழக்கு ஜெர்மனியை 3-1 என்று வென்றார்கள். ஆண்கள் வாலிபாலில் ஜப்பானுக்கு இன்றுவரை கிடைத்த ஒரே ஒலிம்பிக் தங்கம் அது.

பிறகு அவர் ஹிரோஷிமா அணியின் பயிற்சியாளராகவும் இருந்தார். 1983 செப்டம்பரில் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். வயது 39. அணி பயிற்சி செய்யும் உள்ளரங்குக்கு அவர் பெயர்தான், நெகோடா நினைவு உடற்பயிற்சிக் கூடம். ஹிரோஷிமா மினாமி வார்டில் இருக்கிறது. இப்போது அந்த அணிக்குள் வரும் ஒவ்வொரு பையனும் தினமும் அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் பயிற்சிக்குப் போகிறான்.

---

பிளாக்கர்செல்வி

நெகோடா பதிவுக்கு நன்றி. கல்லூரி அணியில் நடு பிளாக்கராக, அதாவது வலையருகே எகிறி எதிரணியின் அடியைத் தடுப்பவராக ஆடியவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த ஜப்பான் அணியின் பெருமையை வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால்தான் முழுதாகப் புரியும்.

அதுவரை பெரிய அணிகள் ஓரத்துக்கு உயரமாகப் பந்தைத் தூக்கி, பலத்தால் அடித்தன. பிளாக்கருக்குப் பந்தைப் பார்த்து நகர நேரம் உண்டு. ஜப்பான் அந்த நேரத்தைத்தான் பறித்தது. நடுவில் ஒருவர் ஓடி வந்து, பந்து செட்டரின் கையை விடும்போதே எகிறி இருப்பார். அதுதான் க்விக். அவரை விட்டுவிட முடியாது, பிளாக்கரும் கூடவே எகிறியாக வேண்டும். நெகோடா அந்த நொடியில் பந்தை அவருக்குக் கொடுக்காமல் அதே இடத்துக்கு மேலே கொஞ்சம் உயரமாக விடுவார். பின்னாலிருந்து வரும் இரண்டாவது ஸ்பைக்கர் எகிறும்போது பிளாக்கர் கீழே இறங்கிக்கொண்டிருப்பார். எதிரில் கையே இருக்காது. இதை நேர வித்தியாசத் தாக்குதல் என்பார்கள்.

மோரிதா அதை ஒற்றை ஆளாகவே செய்தார். எகிறுவதுபோல் முழங்காலை மடக்கிக் கையை வீசுவார், ஆனால் கால் தரையை விடாது. பிளாக்கர் ஏமாந்து எகிறிய பிறகுதான் அவர் உண்மையாக எகிறுவார். நான் முதன்முதலில் இதற்கு ஏமாந்தபோது எங்கள் கோச் என்னைத் திட்டவில்லை, சிரித்தார். எகிறாமல் நின்றிருந்தால்தான் திட்டியிருப்பாராம்.

இதெல்லாம் நடக்க செட்டருக்கு ஒவ்வொரு ஸ்பைக்கரின் ஓட்டமும் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். மட்சுஷிதா ஆள் ஒரு வேகம், நிப்பான் கோகான் ஆள் வேறு வேகம். நெகோடாவின் உயரத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அந்த வேலைக்கு உயரம் தேவைப்படவில்லை.

அவருடைய சர்வீஸையும் சொல்லிவிடுகிறேன். உள்ளரங்கின் கூரைவரை பந்தை ஏற்றி இறக்குவார். கூரை விளக்கு வெளிச்சத்தில் பந்தைத் தொலைத்து, நேராகத் தலைக்கு மேல் இறங்கும்போது பிடிக்கத் திணற வேண்டும். பலமே இல்லாத சர்வீஸ், ஆனாலும் அதை எடுக்க நல்ல ஆட்களே பயந்தார்கள்.

---

தாமிரபரணி_ஸ்பைக்கர்

ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, ஐ.ஓ.பி. அணிகள் ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கம்பெனி அணி என்ற ஏற்பாடு புதிதாகத் தெரியவில்லை. நல்லா ஆடினால் வேலை, வேலை கிடைத்தால் குடும்பம் நிமிரும். ஜப்பானிலும் இதே கதையா? அவர்கள் நிஜமாகவே அலுவலகம் போய் வேலை பார்த்தார்களா, இல்லை கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார்களா? தெரிந்தவர்கள் சொல்லவும்.

---

ஒசாகாவாசி

பத்து வருடத்துக்கு மேல் இங்கே வேலை பார்க்கிறேன் தம்பி, லீக் ஆட்டங்களுக்கும் போவதுண்டு. தெரிந்தவரை சொல்கிறேன்.

வழக்கமான ஏற்பாடு இது. ஆட்டக்காரர் கம்பெனியின் நிரந்தர ஊழியர். காலையில் மேசையில் வேலை, மதியத்துக்கு மேல் பயிற்சி. சீசன் நடக்கும்போது வேலை நேரம் குறையும். முப்பது வயது சொச்சத்தில் ஆட்டத்தை விட்டால் மறுநாள் முழுநேர ஊழியர். விற்பனைப் பிரிவிலோ தொழிற்சாலை நிர்வாகத்திலோ அறுபது வயதுவரை ஓட்டலாம். சம்பளம் பெரிய தொழில்முறை விளையாட்டுக்காரர் அளவுக்கு இருக்காது, ஆனால் முழங்கால் போனால் வாழ்க்கையும் போகும் என்ற பயம் இல்லை. பெற்றோர் பையனை வாலிபாலுக்கு விடத் துணிந்ததற்கு இது பெரிய காரணம். ஒப்பந்தத்தில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பின்னால்தான் வந்தார்கள். இன்றும் பல அணிகளில் இரண்டு வகையினரும் பக்கத்தில் பக்கத்தில் ஆடுகிறார்கள்.

கசப்பான பக்கமும் உண்டு. அணி என்பது கணக்கில் செலவு. கம்பெனிக்குக் கஷ்டம் வந்தால் முதலில் வெட்டுவது அதைத்தான். என்.இ.சி. ஆண்கள் அணி 90-களின் பிற்பகுதியில் வி லீக் சாம்பியன். உலகப் பொருளாதாரச் சரிவு வந்ததும் 2009-இல் மூடிவிட்டார்கள். மோரிதா ஆடிய நிப்பான் கோகான் அணி இன்று கிடையாது. மினாமி ஆடிய அசாஹி கசெய் ஆண்கள் அணியும் கிடையாது. டோக்கியோ தங்கத்துக்கு ஆள் கொடுத்த நிச்சிபோவின் வழிவந்த யூனிடிகா அணியை 2000-இல் டோரே எடுத்துக்கொண்டது. மியூனிக் தங்கப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கம்பெனியை எழுதிப் பாருங்கள், பாதி இடத்தில் அணியே இல்லை.

மூடுவிழாவைத் தவிர்க்கச் சிலர் வேறு வழி தேடினார்கள். நிப்பான் ஸ்டீல் 2000-இல் பிளேசர்ஸைத் தனி நிறுவனமாகப் பிரித்தது. டோக்கியோ கேஸ் கம்பெனியில் பிறந்த அணி எஃப்.சி. டோக்கியோ பெயரில் ஆடி, பிறகு கைமாறி இப்போது டோக்கியோ கிரேட் பேர்ஸ்.

ஆகவே சர்வீஸ்லைன் சொல்வதுபோல் பட்டங்களை மட்டும் வைத்து அளந்தால், என்.இ.சி. ஹிரோஷிமாவுக்கு வெகு காலம் முந்தி ஜெயித்துவிட்டது. ஆனால் ஆதரிக்க அந்த அணி எங்கே?

---

சர்வீஸ்லைன்

அதைத்தானே நானும் சொன்னேன். என்.இ.சி. சந்தையில் போராடும் கம்பெனி, அதனால் மூடியது. புகையிலைக் கழகத்துக்குச் சந்தையே இல்லை, அதனால் மூடவில்லை. அணியின் ஆயுளுக்கும் அணியின் குணத்துக்கும் சம்பந்தமில்லை.

---

நெட்டுயரம்

அந்த வாதம் 1985-ஓடு முடிந்துவிடுகிறது. அந்த வருடம் ஏப்ரலில்தான் கழகம் ஜப்பான் டொபாக்கோ என்ற பங்கு நிறுவனமாக மாறியது. புகைபிடிப்போர் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் குறைந்தது, வெளிநாட்டு சிகரெட்டுக்குக் கதவு திறந்தது. ஆட்குறைப்பு, ஆலை மூடல் எல்லாம் அங்கேயும் நடந்தது. அணியை வெட்ட அவர்களுக்கும் காரணம் நிறைய இருந்தது. நெகோடா போய் ஒரு தலைமுறை கடந்தும், பட்டம் ஒன்றுகூட இல்லாத அணியை வைத்திருந்தார்கள். சாம்பியன் அணியைத் தாங்கிப் பிடிக்க விளம்பரக் கணக்குப் போதும். தோற்கும் அணியைப் பல பத்தாண்டுகள் தாங்கிப் பிடிப்பது கணக்கால் மட்டும் வரும் முடிவு என்று நான் நினைக்கவில்லை.

ஹிரோஷிமா என்ற ஊரையும் பாருங்கள். அங்கே பேஸ்பாலுக்குக் கார்ப் அணி உண்டு. போருக்குப் பின் பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் தொடங்கி, பணம் தீர்ந்து கலையும் நிலை வந்தபோது 1951-இல் மைதான வாசலில் சாகே பீப்பாய் வைத்து மக்களிடம் காசு சேகரித்து நிமிர்ந்த அணி. அவர்களுக்கே முதல் லீக் பட்டம் 1975-இல்தான். ஒரே ஊரில் ஓர் அணி மக்கள் போட்ட சில்லறையால் பிழைத்தது, இன்னொன்று அரசுக் கழகத்தின் சம்பளப் பட்டியலால் பிழைத்தது. தோற்றாலும் சொந்த அணியை விடக் கூடாது என்ற பிடிவாதம் அந்த ஊரின் தண்ணீரில் இருக்கிறது.

---

நலமேநாடு

நான் வாலிபால் ரசிகை, தொழிலால் பொது சுகாதாரம். இழை முழுக்க ஒரு விஷயத்தை எல்லோரும் சுற்றிக்கொண்டே போகிறீர்கள். இது சிகரெட் விற்ற பணம்.

நெகோடா 39 வயதில் புற்றுநோயில் இறந்தார் என்று எழுதினீர்கள். அவர் நோயையும் அவர் முதலாளியின் வியாபாரத்தையும் நான் முடிச்சுப் போடவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் உலகம் முழுக்கப் புகையிலைக் கம்பெனிகள் விளையாட்டுக்குப் பணம் கொடுப்பது நல்ல பெயர் வாங்கத்தான். 2005-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை விளம்பரத்தையும் நிதியாதரவையும் தடுக்கச் சொல்கிறது. ஜப்பானும் அதில் கையெழுத்திட்ட நாடு. அதே ஜப்பானில், ஜே.டி.யின் பங்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரசே வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த உள்ளரங்கில் நெஞ்சில் அந்த இரண்டெழுத்தோடு ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். அணியை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

---

நெட்டுயரம்

பேச வேண்டும், நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். சட்டையில் சிகரெட் பிராண்டு கிடையாது, கம்பெனிப் பெயர் மட்டும்தான் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. கம்பெனியின் பெயரே அந்த வியாபாரத்தின் பெயர்தான்.

2024-இல் அந்தப் பெயர் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் காசு எங்கிருந்து வந்தது என்பதால் அங்கே ஆடியவர்களின் உழைப்பு சிறுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பதினெட்டு வயதில் தன் ஊரில் கிடைத்த வேலையில் சேர்ந்த ஒரு பையன், ஏகபோகச் சட்டத்தை எழுதியவன் கிடையாது.

---

நலமேநாடு

ஆட்டக்காரர்கள் மேல் எனக்கும் குறை இல்லை. கேள்வி முதலாளிக்குத்தான். பெயரை எடுத்தது நல்லது, அடுத்தது பணம் எங்கிருந்து வருகிறது என்பதிலும் மாற்றம் வர வேண்டும்.

---

யாழ்_கரப்பந்து

2014-15 பட்டத்தைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லையே? 84 வருடம் காத்திருந்து வென்றவர்கள் ஆர் என்று அறிய ஆவல்.

---

ஒசாகாவாசி

நான் எழுதுகிறேன்.

பயிற்சியாளர் செர்பியாவின் வெசெலின் வுகோவிச். கம்பெனிக்குள்ளேயே ஆடி, கம்பெனிக்குள்ளேயே கோச் ஆகும் பழைய வழக்கத்தை விட்டு வெளியே கை நீட்டியது பலன் தந்தது. அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது கோஷிகாவா யூவுக்கு. அவர் ஹிரோஷிமாவில் வளர்ந்த ஊழியர் கிடையாது. சன்டோரியில் தொடங்கி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் ஆடி, இத்தாலியில் பதோவாவுக்குப் போய்த் திரும்பி வந்த ஆள். எதிரணி முதல் பந்தைத் தொடும் முன்பே அவர் சர்வீஸ் பாதி வேலையை முடித்துவிடும். அதே சீசனில் பேரரசர் கோப்பையையும் முதல்முறையாகத் தூக்கினார்கள்.

அந்த அணியில் இருந்த செட்டர்களில் ஒருவர் ஃபுகாட்சு அகிஹிரோ. பிறகு அவர் டோக்கியோ கிரேட் பேர்ஸ் போய், 37 வயதில் 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியில் இடம் பிடித்தார். அதுதான் அவருக்கு முதல் ஒலிம்பிக். அந்த வயதில் செட்டராக ஒலிம்பிக் போவது சாதாரணம் இல்லை. அந்தப் பாரிஸ் காலிறுதியில் இத்தாலியிடம் இரண்டு செட் முன்னால் இருந்து, மூன்றாவதில் மேட்ச் பாயின்ட் வரை போய்த் தோற்றதை இன்னும் என்னால் திரும்பப் பார்க்க முடியவில்லை.

2018-இல் பேரரசர் கோப்பை இன்னொரு முறை கிடைத்தது. லீக் பட்டம் மட்டும் 2014-15-க்குப் பிறகு 2024-25 வரை திரும்ப வரவில்லை.

---

பிளாக்கர்செல்வி

ஆக, பட்டம் வந்தபோது கோச் செர்பியர், நட்சத்திரம் வெளியிலிருந்து வந்தவர். சொந்த ஊர்ப் பையன்களை வைத்தே ஆடிய காலத்தில் உலகின் தலைசிறந்த செட்டர் கையில் இருந்தும் பட்டம் இல்லை. நெட்டுயரம், இதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். நெகோடா இருந்தும் ஏன் ஜெயிக்கவில்லை?

---

நெட்டுயரம்

நானும் இதை நிறைய யோசித்திருக்கிறேன். இது என் கணிப்பு மட்டும்தான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

செட்டர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கடைசியில் அடிக்க ஆள் வேண்டும். மியூனிக்கில் நெகோடாவின் பந்தை அடித்த உயரமான மூவரில் ஒருவரும் சென்பாய் ஹிரோஷிமாவைச் சேர்ந்தவர் இல்லை. பல்கலைக்கழக வாலிபால் டோக்கியோவிலும் ஒசாகாவைச் சுற்றிய கன்சாய் பகுதியிலும் குவிந்திருந்தது. நல்ல ஸ்பைக்கர்களை அங்கே இருந்த பெரிய தனியார் கம்பெனிகள் முந்திக்கொண்டு எடுத்தன. மேற்கே தள்ளி இருந்த, அரசு ஊழியர் மாதிரிச் சம்பளம் தரும் புகையிலைக் கழகத்துக்கு யார் வருவார்? அந்த ஊர்க்காரர் வருவார், அந்த ஊரை விட்டுப் போக மனமில்லாதவர் வருவார். நெகோடாவே அப்படி வந்தவர்தானே. மட்சுஷிதாவுக்கோ நிப்பான் கோகானுக்கோ போயிருந்தால் லீக் பட்டங்கள் அவர் வீட்டில் குவிந்திருக்கும்.

அப்படிப்பட்ட ஓர் அணி, அந்த ஆட்களை வைத்துக்கொண்டு ஒருமுறைகூடக் கீழே இறங்கவில்லை என்பதைத்தான் நான் பெரிதாகச் சொல்கிறேன். சாம்பியன் ஆவதற்கு இரண்டு மூன்று நல்ல வருடங்கள் போதும். இறங்காமல் இருக்க எல்லா வருடமும் ஆட வேண்டும். நட்சத்திரம் ஓய்வு பெற்ற வருடம், காயம் வந்த வருடம், புதுப் பையன்கள் மட்டும் இருந்த வருடம், எல்லாவற்றிலும்.

---

சர்வீஸ்லைன்

கடைசிப் பத்தியை ஏற்கிறேன். 1967-இலிருந்து இறங்காமல் இருப்பது பணத்தால் மட்டும் நடக்காது, பணமிருந்த பல கம்பெனிகள் இறங்கியிருக்கின்றன. ஆனால் உதாரண அணி என்ற பட்டத்தை இன்னும் சகாய்க்குத்தான் கொடுப்பேன். கம்பெனியைத் தாண்டித் தனியாக நிற்க முயன்ற துணிச்சல் அவர்களிடம்தான் முதலில் வந்தது. ஹிரோஷிமா சொந்தக் காலில் நின்று காட்டட்டும், அப்புறம் பேசுவோம்.

---

தாமிரபரணி_ஸ்பைக்கர்

பெயர் மாறியதாகச் சொன்னீர்களே, அணியை விற்றுவிட்டார்களா? எல்லா அணியும் கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டதா?

---

ஒசாகாவாசி

இல்லை தம்பி. 2024 அக்டோபரில் பழைய வி லீக்குக்கு மேலே எஸ்.வி. லீக் என்று புதிதாகத் தொடங்கினார்கள். ஆண்களில் பத்து அணி, ஒவ்வொன்றுக்கும் 44 ஆட்டம். களத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் எண்ணிக்கையையும் கூட்டினார்கள். 2030-க்குள் உலகின் தலைசிறந்த லீக் ஆவதுதான் இலக்கு என்று அறிவித்திருக்கிறார்கள். அணியின் பெயரில் ஊரை முன்னிறுத்த வேண்டும் என்ற எண்ணமும் அதோடு வந்தது.

எல்லோரும் ஒரே மாதிரி மாறவில்லை. சன்டோரி சன்பேர்ட்ஸ் ஒசாகா, ஜேடெக்ட் ஸ்டிங்ஸ் ஐச்சி, டோரே ஆரோஸ் ஷிசுவோகா என்று கம்பெனியையும் ஊரையும் சேர்த்து வைத்தவர்கள் உண்டு. பானசோனிக் பேந்தர்ஸ் ஒசாகா புளூட்டியோன் ஆனது, ஜே.டி. தண்டர்ஸ் ஹிரோஷிமா தண்டர்ஸ் ஆனது. இரண்டிலும் கம்பெனிப் பெயர் அணியின் பெயரிலிருந்து போனது, கம்பெனி போகவில்லை. புது லீக்கின் முதல் ஆண்கள் பட்டத்தை வென்றது சன்டோரி, இறுதியில் ஜேடெக்ட்டை வீழ்த்தி.

ஹிரோஷிமா பக்கம் வந்தால் கிரீன் அரீனாவில் ஆட்டம் பாருங்கள், நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. அணியின் நிறமும் பச்சைதான்.

---

நெட்டுயரம்

நன்றி ஒசாகாவாசி. சகாய் பிளேசர்ஸ் பற்றி சர்வீஸ்லைன் தனி இழை தொடங்கினால் யவாதா காலத்திலிருந்து எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பது பேர் ஆட்டம் பற்றி எழுதும்போது பிளாக்கர்செல்வியையும் கூப்பிடுங்கள். ஜப்பானில் வேலையிடங்களுக்கு இடையே இன்றும் அது ஆடப்படுகிறது. சுழற்சி இல்லாத ஆட்டத்தில் பிளாக்கரின் வேலை எப்படி மாறும் என்று அவர் சொன்னால் நன்றாக இருக்கும்.